பட்டாளத்து அப்பாவின் ராத்திரிகள்: நம்ம மாவட்டத்தில் இதற்கு வைத்தியம் எங்கே?

வடசேரிக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நம்ம குமரி மாவட்டத்தில் பட்டாளத்து வீடு இல்லாத ஊர் கிடையாது. இங்கே கேட்டால் விவரம் தெரிந்த யாராவது சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படையில் இருந்தார். அப்போது இருபத்தொரு வயசு. ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. குடும்பத்துக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் முதுகு சுவரோடு இருக்க வேண்டும், கண் வாசலைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் கடைசி சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறினால் பையை எடுத்துக்கொண்டு குலசேகரத்துக்கு, அத்தை வீட்டுக்குப் போய்விடுவார். திருவிழா வெடிச் சத்தம் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் திரும்பி வருவார். அத்தை வீட்டு ரப்பர் தோட்டத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்றுதான் சின்ன வயசில் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

எனக்குப் பிள்ளை பிறந்த பிறகு நிலைமை மோசமாகிவிட்டது. ராத்திரி குழந்தை வீறிட்டு அழுதால் அப்பா எழும்பி வெளியே போய் காம்பவுண்டு ஓரமாக நிற்கிறார். சட்டை நனைய வியர்வை. கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. பேரப்பிள்ளையைப் பகலில் கொஞ்சுகிறவர்தான், ராத்திரியானால் ஒரே வீட்டில் இருக்கப் பயப்படுகிறார். ஒரு டாக்டரிடம் போய்த் தூக்கம் வரவில்லை என்று மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டார். அதோடு பட்டாளத்துக் கேன்டீன் ரம்மும் சேர்ந்தது. பாத்ரூமில் விழுந்து புருவத்தில் தையல்.

கேட்க வேண்டியது இதுதான். இவ்வளவு காலம் கழித்து வைத்தியம் பலிக்குமா? ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டையில் செல்லுமா? மனநல டாக்டர் என்று வாயெடுத்தாலே அம்மா, “ஊளம்பாறைக்கா கொண்டு போற?” என்று திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரியைச் சொல்லி அழ ஆரம்பித்துவிடுகிறாள். இதை வீட்டில் எப்படிப் பேசுவது?

கருங்கல்_ஹவில்தார்

தம்பி, நானும் இலங்கைக்குப் போய் வந்தவன்தான். கனவு எல்லாருக்கும் வரும். அதுக்கு மருந்து கிடையாது. விடியக்காலம் எழும்பி நாலு மைல் நடக்கச் சொல்லு, வாழைத்தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கச் சொல்லு. உடம்பு களைத்தால் தூக்கம் தானாக வரும். டாக்டர், கவுன்சலிங் என்று இழுத்துக்கொண்டு அலைந்தால் ஊர் வாயில் பைத்தியக்காரப் பட்டம்தான் மிச்சம். உனக்கு ஒரு தங்கச்சி இருந்தால் அவள் கல்யாணத்தையும் யோசித்துக்கொள். அப்புறம், ரம்மில் கை வைக்காதே. அந்தக் கோட்டா அவர் சம்பாதித்தது.

மனநலம்_குமரி

நாகர்கோவிலில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைப்பது முறையல்ல. ஆனால் வடசேரித் தம்பி எழுதியதில் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்று நாங்கள் சொல்வது வெறும் கெட்ட கனவு இல்லை. நடந்தது நினைவிலோ கனவிலோ திரும்பத் திரும்ப வந்து மோதுவது; அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், சத்தம் எல்லாவற்றையும் விட்டு விலகி ஓடுவது; தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணமே கறுத்துப் போவது; உடம்பு எந்நேரமும் காவல் டியூட்டியில் இருப்பது. இந்த நாலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்க்கையைக் கெடுத்தால்தான் அந்தப் பெயர். முதுகு சுவரோடு உட்காருவது நாலாவது வகை, குலசேகரம் பயணம் இரண்டாவது வகை. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியது. அதற்கு முன்னாலும் இருந்ததுதான், முதல் உலகப்போரில் வேறு பெயரில் சொன்னார்கள்.

காலம் கடந்துவிட்டதா என்றால், இல்லை. முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தின போர் நினைவுக்கும் சிகிச்சை கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகோ பேரப்பிள்ளை வந்த பிறகோ தீவிரமாவதும் சாதாரணமாகப் பார்க்கிற சங்கதிதான். வேலை, யூனிபாரம், பிள்ளைகள் படிப்பு என்று ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் எல்லாவற்றையும் அமுக்கி வைத்திருப்பார்கள்.

கருங்கல் அண்ணாச்சி சொன்ன நடையும் தோட்ட வேலையும் நல்லது, செய்யட்டும். ஆனால் அது சிகிச்சைக்குப் பதில் ஆகாது. தூக்க மாத்திரையும் மதுவும் சேருவது மூச்சையே அடக்கிவிடக்கூடிய கூட்டு, அதை முதலில் நிறுத்த வேண்டும். அதற்காக இரண்டையும் இன்றைக்கே வெடுக்கென்று விடச் சொல்லவும் கூடாது. நாள்பட்டுப் பழகியவருக்கு அப்படி விட்டால் கை நடுக்கம், வலிப்பு வரை போகும். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான். அல்பிரசோலம், குளோனாசிபாம் வகை மாத்திரைகளைப் பி.டி.எஸ்.டி.க்குக் கொடுக்க வேண்டாம் என்றே அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் வழிகாட்டி சொல்கிறது. அன்றைக்குத் தூக்கம் வரும், மூல வியாதி அப்படியே இருக்கும். மாத்திரை தேவை என்றால் செர்ட்ராலின், பராக்சிடின் போன்றவை இருக்கின்றன, சைக்யாட்ரிஸ்ட் பார்த்துக் கொடுப்பார்.

முதல் வைத்தியம் பேச்சு வழி வைத்தியம்தான். அதில் முறை இருக்கிறது, சும்மா மனசு விட்டுப் பேசுவது இல்லை. எட்டிலிருந்து பதினைந்து அமர்வுக்குள் முடிகிறவை. அதைப் பிறகு எழுதுகிறேன், ஓ.பி. தொடங்கிவிட்டது.

வடசேரிக்காரன்

நன்றி மேடம். கருங்கல் மாமா, கோபம் இல்லை, நீங்கள் அப்பா வயசு. ஒரு சந்தேகம். இந்த வைத்தியத்தில் தலையில் கரண்டு வைப்பார்களா? அம்மாவின் பயம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

சுபேதார்_மார்த்தாண்டம்

கரண்டும் இல்லை, கயிறும் இல்லை தம்பி. ஒரு நாற்காலி, எதிரே ஒரு ஆள், ஒரு மொபைல் போன். நான் செய்துகொண்டதால் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் இதை வெளியே சொல்கிற பட்டாளத்தான் அபூர்வம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காஷ்மீரில் ரோட் ஓப்பனிங் டியூட்டி. கான்வாய் வருமுன்னே ரோட்டைச் சரிபார்க்கிற வேலை. எங்கள் இரண்டு வண்டியில் முன் வண்டி கண்ணிவெடியில் போனது. அதில் இருந்த ஒரு பையனை நான்தான் அந்த வண்டிக்கு அனுப்பினேன் என்பது என் மனசில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. ரிட்டயர்ட் ஆகி வந்த பிறகும் மார்த்தாண்டம் மேம்பாலத்தில் லாரி டயர் வெடித்தால் நான் ரோட்டில் குப்புறப் படுத்துவிடுவேன். இரண்டு தடவை ஆட்கள் சிரித்தார்கள். அதன் பிறகு வெளியே போவதையே விட்டேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் போனேன். அவர் செய்த முறைக்கு ‘ப்ரோலாங்டு எக்ஸ்போஷர்’ என்று பெயர். கண்ணை மூடிக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். “வண்டியில் ஏறினேன்” என்று சொன்னால் நிறுத்துவார், “ஏறுகிறேன்” என்று சொல்லணும். குளிர், டீசல் வாடை, யார் எந்தப் பக்கம், எல்லாம் வேண்டும். முடிந்ததும் திரும்ப ஆரம்பத்திலிருந்து. நடுநடுவே, “இப்போ எவ்வளவு சார்?” என்று கேட்பார். பூஜ்யத்திலிருந்து நூறு வரை பதற்றத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். அத்தனையும் போனில் பதிவாகும், அதை வீட்டில் தினமும் கேட்க வேண்டும். அது ஒரு தண்டனை மாதிரிதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆரம்பத்தில் தூக்கம் இன்னும் கெட்டது. வீட்டுக்காரி, “போறது போதும், நிறுத்துங்க” என்றாள். சைக்காலஜிஸ்ட் முதலிலேயே இப்படி ஆகும் என்று சொல்லியிருந்ததால் நிறுத்தவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல, பல வருஷம் நான் பார்க்காமல் தாண்டிப் போன ஒரு இடம் வந்தது. பின் வண்டியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. பையன் கையைத் தேய்த்துக்கொண்டே, “சாப், நான் அதில் வாறேன்” என்று ஓடிப் போய் முன் வண்டியில் ஏறினான். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. இதை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளியிருப்பேன். என் வாயாலேயே என் காதில் கேட்டதால் தள்ள முடியவில்லை. பையன் போன துக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் நான் கொன்றேன் என்பது போய்விட்டது.

இன்னொரு பாதி வெளியில் செய்கிற வேலை. பயப்படுகிற இடங்களைப் பட்டியல் போட்டு, லேசானதிலிருந்து தொடங்க வேண்டும். டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடும் பெஞ்சில் உட்காருவது, பிறகு மார்த்தாண்டம் சந்தையில் கூட்டமான நேரம், கடைசியில் பாலத்துக்கு அடியில் நிற்பது. பதற்றம் ஏறும், அங்கேயே நின்றால் இறங்கும், அதை உடம்பு பார்த்துப் பழக வேண்டும். எழுந்து ஓடினால் பயம்தான் ஜெயிக்கும்.

கோட்டா ரம்மைப் பற்றிக் கருங்கல்காரர் சொன்னதில் எனக்கு உடன்பாடு இல்லை. நம்ம ஆட்களில் எத்தனை பேர் ராத்திரியைக் கடத்துவதற்காகவே குடிக்கிறோம் என்று உங்களுக்கும் தெரியும் அண்ணே.

தோவாளைக்காரன்

நான் பட்டாளம் இல்லை, இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். சுபேதார் சார் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு கல்யாண வேன் கேஸ். விவரம் வேண்டாம். பெண்கள் எல்லாரும் தலை நிறைய பிச்சிப்பூ வைத்திருந்தார்கள். கேஸை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பின்பக்கம் குழாயடியில் வண்டியைக் கழுவுவோம். ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நிறுத்தி, பினாயில் ஊற்றி, தரைத் தகட்டின் ஓரத்து இடுக்கில் பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். அந்த இடுக்கில் இருந்து பூ வந்துகொண்டே இருந்தது. பைலட் அண்ணன், அதாவது வண்டி ஓட்டுகிறவர், ஒன்றும் பேசாமல் தண்ணீர் அடித்தார். கழுவி முடிக்குமுன் அடுத்த போன் கால் வந்துவிட்டது, போனோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இதெல்லாம் ஒரு மணி நேரக் கதை.

இப்போது பிச்சிப்பூ வாடை வந்தால் வாய் உலர்ந்து, கை விறைக்கிறது. தோவாளையில் வீடு, பூச்சந்தை பக்கத்தில். யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரி பூ வைப்பதை நிறுத்திவிட்டாள், காரணம் கேட்கவில்லை. சண்டை போட்ட சிப்பாய்க்கு வரும் நோய் எனக்கு எப்படி வரும், எனக்கு யாரும் துப்பாக்கி நீட்டவில்லையே?

மனநலம்_குமரி

தோவாளைத் தம்பி, தாராளமாக எழுதலாம். 2013-ல் வந்த அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், எது அதிர்ச்சி அனுபவம் என்று சொல்லும் இடத்திலேயே உங்களைப் போன்றவர்களைச் சேர்த்திருக்கிறார்கள். வேலையின் பகுதியாகக் கோரமானவற்றைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதும் கணக்கில் வரும். மனித உடல்களைச் சேகரிக்கிற முதல்நிலை மீட்புப் பணியாளர், குழந்தைகளுக்கு நடந்த கொடுமையின் விவரத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிற போலீஸ்காரர் என்று உதாரணமும் கொடுத்திருக்கிறது. துப்பாக்கி அவசியமில்லை.

முறைகள் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். சுபேதார் சார் ஒன்றை என்னைவிட நன்றாக எழுதிவிட்டார். இரண்டாவது, சி.பி.டி. (காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி) என்கிற முறை. பன்னிரண்டு அமர்வு. நடந்ததை விவரமாகச் சொல்வதைவிட, அதற்குப் பிறகு மனசில் உறைந்துபோன எண்ணங்களைக் காகிதத்தில் எழுதி, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச் சாட்சி என்ன என்று கோர்ட்டில் விசாரிப்பது போல விசாரிப்பது. ‘என்னால்தான் போனான்’, ‘யாரையும் நம்பக் கூடாது’ வகை எண்ணங்களுக்கு ஏற்றது. மூன்றாவது இ.எம்.டி.ஆர்., 1980-களின் கடைசியில் பிரான்சின் ஷபிரோ உருவாக்கியது. நினைவை மனசில் பிடித்துக்கொண்டே சைக்காலஜிஸ்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். கண் அசைவுதான் வேலை செய்கிறதா, அந்த நினைவோடு உட்கார்ந்திருப்பதுதான் வேலை செய்கிறதா என்று இன்னும் சண்டை நடக்கிறது. ஆனால் பலன் இருக்கிறது என்பதில் சண்டை இல்லை. 2013-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அதிகம் பேச விரும்பாதவர்களுக்கு இது எளிதாக இருக்கும்.

தோவாளைத் தம்பிக்கு எக்ஸ்போஷர் என்றால் கடைசிப் படி எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் தானாகப் போய்ப் பூச்சந்தையில் நிற்க வேண்டாம். ஆள் துணையோடு, படிப்படியாக.

தேடும்போது ஒன்றைப் பாருங்கள்: கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கேட்டால் கோபப்பட மாட்டோம். “அதிர்ச்சிக்கு என்ன முறை செய்வீர்கள், எத்தனை அமர்வு?” என்றும் கேளுங்கள். பதில் வழவழ என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். ஊரில் கவுன்சலிங் போர்டு மாட்டினவர்கள் எல்லாருக்கும் இது தெரியாது.

கருங்கல்_ஹவில்தார்

சுபேதார் சாப் சொன்ன பிறகு நானும் ஒன்று சொல்கிறேன். இந்தத் தம்பியின் அப்பாவுக்கு என்ன என்று எனக்குப் புரிகிறது. வடக்கே இருந்து வந்த யூனிட்காரனுக்கு அங்கே அழுகிறவர்கள் சத்தம் மட்டும்தான் கேட்டது. எங்களுக்கு அவர்கள் பேசினது புரிந்தது. வீட்டைச் சோதனை போடப் போகும்போது ஒரு பாட்டி, “தம்பி, நீ தமிழ்தானே ராசா, சொல்லடா இவங்களுக்கு” என்று என் கையைப் பிடித்தது. குழந்தை அழுதது. நான் மொழிபெயர்க்கணும், அதுதான் ஆர்டர். என்ன சொன்னேன், என்ன சொல்லாமல் விட்டேன் என்பது எனக்கும் மேலே இருக்கிறவனுக்கும் தெரியும். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது ஊரில் எங்களுக்கு என்ன மரியாதை இருந்தது என்று அந்தக் காலத்துப் பேப்பர் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே தமிழனுக்கு எதிரி, இங்கேயும் அதே பெயர். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல? குழந்தை அழுதால் வெளியே போகிற ஆளை எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆரல்வாய்மொழி_காற்று

அமைதிப்படை என்று பெயர் வைத்துக்கொண்டு அங்கே என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால்தானே நியாயம்? பாதிக்கப்பட்டவர்களுக்கு யார் சிகிச்சை கொடுத்தது?

நெறியாளர்

நியாயமான கேள்வி, ஆனால் அதற்குத் தனி இழை திறங்கள். இங்கே ஒரு மகன் அப்பாவுக்காகக் கேட்டிருக்கிறார். இதற்கு மேல் அந்தத் திசையில் போகும் பதிவுகள் நகர்த்தப்படும்.

மனநலம்_குமரி

கருங்கல் அண்ணாச்சி, நீங்கள் எழுதியது பயத்தால் வருகிற காயம் இல்லை. தன் மனசாட்சிக்கு எதிராக நிற்க நேர்ந்ததால் வருவது. இதை அறக்காயம் என்று தனியாகப் பேசுகிறார்கள். வியட்நாம் போர்க்காரர்களோடு வேலை செய்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதை எழுதிக் கவனப்படுத்தினார். இதற்கு, “உங்கள் மேல் தப்பே இல்லை” என்று தட்டிக்கொடுப்பது உதவாது, நீங்களே நம்ப மாட்டீர்கள். எது உங்கள் கையில் இருந்தது, எது இல்லை, இனி என்ன ஈடு செய்யலாம் என்று பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கும். நல்ல போதகரோ பூசாரியோ கூட உதவலாம், ஆனால் “ஜெபத்தில் விட்டுவிடு” என்று முடித்துவிடுகிறவரிடம் போக வேண்டாம். தியானக் கூடாரத்துக்குப் போய்விட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

எந்த டாக்டரிடம் சொல்ல என்று கேட்டீர்கள். பெயர் சொல்லாமல் போனிலிருந்தே தொடங்கலாம். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416, தமிழில் பேசலாம், இருபத்துநாலு மணி நேரமும். 2022-ல் தொடங்கியது. காசு கிடையாது.

குளச்சல்_மருமகள்

எல்லாரும் ஆண்கள் பேசுகிறீர்கள், ராத்திரி பக்கத்தில் படுக்கிறவள் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சி.ஆர்.பி.எப்., துணை ராணுவம். கனவில் கத்தும்போது தோளைத் தொட்டு எழுப்பக் கூடாது. ஒரு தடவை என் கையை முறுக்கிவிட்டு அவரே விடியும்வரை அழுதுகொண்டிருந்தார். இப்போது கட்டிலின் கால்பக்கம் நின்று, லைட் போட்டு, பெயரைச் சொல்லி, “நம்ம வீடு, குளச்சல், நான்தான்” என்று சாதாரணக் குரலில் சொல்வேன். உடனே தண்ணீர் குடிக்கக் கொடுப்பேன். அவ்வளவுதான், என்ன கனவு என்று கேட்க மாட்டேன்.

வடசேரித் தம்பி, உங்கள் அம்மாவையும் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அப்பாவோடு இல்லாமல் தனியாக. அழுகிறது ஊளம்பாறைக்குப் பயந்து மட்டும் இல்லை. இத்தனை வருஷம் அவள் தனியாகத் தாங்கியிருக்கிறாள், அதை யாரும் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப். ஆட்களுக்கு ஈ.சி.எச்.எஸ். கிடையாது. பட்டாளத்தான் வீடு என்று நினைத்து எல்லாரும் எங்களை அங்கே போகச் சொல்கிறார்கள். நாங்கள் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஓ.பி.யில்தான் பார்க்கிறோம். வரிசை நீளம், ஆனால் மனநலப் பிரிவு டாக்டர் பொறுமையாகப் பேசுகிறார்.

தூத்தூர்_கரை

ஈ.சி.எச்.எஸ். இல்லாதவர்கள் கதை என்றால் எங்களுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. எங்கள் எட்டு ஊர்க்காரர்கள் ஆழ்கடலில். பிறகு ஆட்களைத் தேட எங்கள் ஆட்களே போட் எடுத்துக்கொண்டு போனார்கள். குழித்துறையில் ரயிலை மறித்தது எல்லாம் டிவியில் பார்த்திருப்பீர்கள். தேடிப் போனவர்கள் கடலில் என்ன பார்த்தார்கள் என்று டிவியில் வரவில்லை. பல நாள் தண்ணீரில் கிடந்த உடம்பை வலையில் எடுத்துப் படகில் ஏற்ற வேண்டும். முகம் இருக்காது. அடையாளத்துக்கு அரைஞாண் கயிறு, கழுத்து ஜெபமாலை, டிரவுசர் நிறம், அதற்கு மேல் டி.என்.ஏ. பரிசோதனை. என் சித்தப்பா அப்படிப் போனவர். திரும்பி வந்த பிறகு மீன் தின்பதில்லை. தூத்தூரில் மீன் தின்னாத ஆள்! கடலுக்கும் போவதில்லை, கேரளாவில் கட்டட வேலைக்குப் போகிறார்.

அவர் ராணுவமும் இல்லை, தீயணைப்பும் இல்லை, எந்த லிஸ்டிலும் இல்லை. சுனாமிக்குப் பிறகு 2005-ல் நோட்டுப் புத்தகத்தோடு கவுன்சலிங்காரர்கள் வந்தார்கள். கூட்டமாக உட்கார வைத்து, “பார்த்ததைச் சொல்லுங்க” என்றார்கள். ஒரு தடவை. அப்புறம் ஆளைக் காணோம். அதனால் இப்போது கவுன்சலிங் என்றாலே கரையில் சிரிப்பார்கள்.

மனநலம்_குமரி

சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. சம்பவம் நடந்த கையோடு எல்லாரையும் உட்கார வைத்து ஒரே தடவையில் கொட்டச் சொல்வது பின்னால் பி.டி.எஸ்.டி. வராமல் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. சிலருக்கு அது கெடுதலாகவும் போயிருக்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் அமைப்பும் வேண்டாம் என்கிறது. அந்த முதல் நாட்களில் தேவை வேறு: பாதுகாப்பான இடம், சாப்பாடு, வீட்டுக்காரர்கள் எங்கே என்ற தகவல், பேச விரும்பினால் கேட்க ஒரு ஆள். பெரும்பாலானவர்கள் தானாகத் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்தும் தேறாதவர்களைக் கண்டுபிடித்து முறையான சிகிச்சைக்குக் கொண்டுவருவதுதான் செய்ய வேண்டியது, அந்த இரண்டாவது வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

உங்கள் சித்தப்பா செய்த வேலை, நான் மேலே எழுதிய மனித உடல்களைச் சேகரிக்கிறவர் என்ற உதாரணத்தில் அப்படியே வருகிறது. நோய்க்கு அரசாங்க அடையாள அட்டை தேவையில்லை. அவர் லீவுக்கு ஊருக்கு வரும்போது கூட்டி வாருங்கள், அல்லது வேலை செய்யும் இடத்திலேயே 14416.

சுபேதார்_மார்த்தாண்டம்

பேப்பர் விஷயம் சொல்கிறேன், இதில்தான் நம்ம ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள்.

சர்வீஸில் இருக்கும் ஆட்களின் பயம் வேறு. பட்டாளத்தில் உடல், மனத் தகுதி பார்க்கிற ஷேப் மதிப்பீட்டில் முதல் எழுத்தான எஸ் என்பதே மனநிலை. அதில் எஸ்-1 என்பது போய் எஸ்-2, எஸ்-3 என்று இறங்கினால் லோ மெடிக்கல் கேட்டகரி, அதாவது தகுதி குறைந்தவர் வகை; பிரமோஷன், கோர்ஸ், போஸ்டிங் எல்லாம் ஆட்டம் காணும். அதனால் முதுகு வலி என்று சிக் ரிப்போர்ட் போவான், தூக்கம் இல்லை என்று போக மாட்டான். அந்தப் பழக்கம் ரிட்டயர்ட் ஆன பிறகும் விடாது. உங்கள் அப்பாவுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்: பென்ஷனை யாரும் தொட முடியாது, கேட்டகரி என்று ஒன்று இப்போது இல்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க நோயாளிக்கு உரிமை உண்டு. ஊருக்குத் தெரியாது.

ஈ.சி.எச்.எஸ். கேட்டீர்கள். உண்டு. நாகர்கோவில் பாலிகிளினிக்கில் மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து ரெபரல் வாங்க வேண்டும். தூக்கமில்லை என்று மட்டும் சொன்னால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள், யார் ஆனாலும் அப்படித்தான் செய்வார்கள். இலங்கை சர்வீஸ், கனவு, வெடிச் சத்தம், பாத்ரூமில் விழுந்தது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆர்டர், ஈ.சி.எச்.எஸ். அட்டை, பழைய மெடிக்கல் போர்டு பேப்பர் ஏதாவது இருந்தால் அதுவும்.

டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது சர்வீஸால் வந்த நோய், ஊனத்துக்கான பென்ஷன், தனிக் கதை. சேரும்போது ஆரோக்கியமாக எடுக்கப்பட்ட ஆளுக்குச் சர்வீஸில் நோய் வந்தால், அது சர்வீஸால் வந்தது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குச் சர்வீஸ் காலத்து மெடிக்கல் பேப்பரில் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றுமே பதிவாகாமல் ரிட்டயர்ட் ஆனவருக்குப் பல வருஷம் கழித்து வாங்குவது மலை ஏறுகிற வேலை. நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஆனால் அதைக் காத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளாதீர்கள்.

வடசேரிக்காரன்

ஒரு சேதி. நான் எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை. கருங்கல் மாமா எழுதினதை மட்டும் போனில் திறந்து அப்பா கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, “இவன் எந்த பட்டாலியன்?” என்று கேட்டார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அம்மாவோடு அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த வாரம் பாலிகிளினிக் போக ஒத்துக்கொண்டார். ஒரு கண்டிஷன், நான் உள்ளே வரக் கூடாது, அம்மாதான் வர வேண்டும்.

மாமா, அப்பா உங்கள் நம்பர் கேட்கிறார். பொதுவில் போட வேண்டாம், தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

கருங்கல்_ஹவில்தார்

அனுப்பியாச்சு தம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிட்டாலும் எடுப்பேன் என்று சொல்லு. அந்த நேரம் நானும் முழித்துத்தான் இருப்பேன். மேடம், நீங்கள் சொன்ன பன்னிரண்டு அமர்வு முறை, அதில் எழுதுகிற வேலை நிறைய இருக்குமா? எனக்கு எழுத்து அவ்வளவு வராது.

மனநலம்_குமரி

எழுத வராதவர்களுக்கு வாயால் சொல்லிச் செய்யலாம் அண்ணாச்சி, போனில் பதிவு பண்ணிக்கொள்ளலாம். அது தடையே இல்லை. எதற்கும் முதலில் மெடிக்கல் ஆபீசரைப் பார்த்து பிரஷர், சர்க்கரை, தூக்கத்தில் மூச்சு அடைப்பு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டு வாருங்கள். குறட்டை உள்ளவர்களுக்குக் கனவுத் தொல்லை அதோடு சேர்ந்து அதிகமாகும்.

தோவாளைக்காரன்

மேடம், எங்கள் ஷிப்டு காலை எட்டுக்கு முடிகிறது. அதற்குப் பிறகு வந்தால் பார்ப்பீர்களா? என்னோடு பைலட் அண்ணனும் வருகிறேன் என்கிறார். ஆனால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேச வேண்டும், ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.

மனநலம்_குமரி

தனித்தனியாகத்தான். ஆனால் நைட் ஷிப்டு முடிந்த கையோடு வராதீர்கள், தூங்காத மூளையோடு இந்த வேலை செய்ய முடியாது. வாராந்திர ஓய்வு நாள் எது என்று இருவரும் தனிச் செய்தியில் சொல்லுங்கள், அந்த நாளில் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். வரும்போது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.